துண்டு சொன்ன ரிப்போர்ட்

வைகை மணலில் பாதி தூரம் வந்திருந்தோம். உச்சி வெயில். தண்ணீர் ஒரு ஓரமாக வாய்க்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. என் முதுகில் உட்கார்ந்திருந்த பதினோரு வயது ருக்கு குறை சொன்னாள்.

"சித்தப்பு, நீங்க நடக்கிறது சரியில்ல. ஒரு கால் பெரிசா வைக்கிறீங்க, ஒரு கால் சிறுசா வைக்கிறீங்க. எனக்கு வயிறு குலுங்குது."

பின்னால் அவளுடைய அப்பா பெருமாள் என் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். "ஓசிச் சவாரில நொட்டை வேற சொல்றியா? பேசாம வா, கழுதை."

எங்களுக்குப் பின்னால், சிம்மக்கல் பக்கத்துக் கரையில், ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரி இருந்தது. இரண்டரை வருஷம் அங்கே வேலை பார்த்தேன். அன்று காலையோடு அந்த வேலை முடிந்தது. யாரும் என்னை அனுப்பவில்லை, நானாகத்தான் கிளம்பினேன். அதற்கு முன்பு ஆறு வேலைகளிலிருந்தும் நானாகத்தான் கிளம்பியிருக்கிறேன். ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது மட்டும் அதுதான் முதல் தடவை.

பிற்காலத்தில் வேறொரு ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளராகச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து, பென்ஷனும் வாங்கிவிட்டேன். போன வாரம் சும்மா அந்தப் பக்கம் போனபோது, லேப்புக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி ஒரு காகிதக் கீற்றை நனைத்து எடுத்து, அது நிறம் மாறுவதைக் காட்டினார். "ஒரே நிமிசம் சார், சர்க்கரை தெரிஞ்சிரும். உங்க காலத்துல என்ன பண்ணுவீங்க?" என்றார். "காய்ச்சுவோம்" என்றேன். சிரித்தார். எதைக் காய்ச்சுவோம் என்று சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் நாலாம் வகுப்பு வரைதான். பிறகு திருமங்கலத்தில் அரிசி மில், ஒரு டீக்கடை, கீழக்குயில்குடியில் மாடு மேய்ப்பு, செல்லூரில் மூன்று வருஷம் குழித்தறி, லாரி கிளீனர், சவுக்குக்கட்டை மண்டி. யுத்தக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் லாரி நின்றது. மண்டியிலிருந்து கட்டை இறக்கப் போன இடத்தில் இந்த ஆஸ்பத்திரி அடுப்பு எரியாமல் புகைந்துகொண்டிருந்தது. ஊதிப் பற்றவைத்தேன். "நாளைக்கும் வருவியா?" என்றார் டாக்டர். என்னுடைய மருத்துவப் படிப்பு இவ்வளவுதான்.

அவரைப் 'பெரிய டாக்டர்' என்று சொல்லுவோம். சின்ன டாக்டர் என்று அங்கே ஒருவரும் கிடையாது. வேட்டியும் கோட்டும் போட்டிருப்பார். யாரையும் திட்டமாட்டார். நாம் ஒரு தப்பைச் செய்துவிட்டு நின்றால், "பிறகு?" என்பார். நாம் விளக்கம் சொல்வோம். "பிறகு?" என்பார். மூன்றாவது "பிறகு?" வரும்போது உண்மை தானாக வெளியே வந்துவிடும். போலீஸ்காரர்கள் அவரிடம் பாடம் படித்திருக்கலாம்.

வாரத்துக்கு ஒரு நாள் சர்க்கரை வியாதிப் பிள்ளைகளின் நாள். பத்துப் பதினைந்து பிள்ளைகள் வருவார்கள். இன்சுலின் என்ற மருந்து வருவதற்கு முன்னால் இந்தப் பிள்ளைகள் உயிரோடு அதிக நாள் இருந்ததே இல்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மருந்து வந்தது, இருந்தார்கள். ஈர மணல் பானைக்குள் அந்த மருந்துப் புட்டிகளைப் புதைத்து, பானையைக் காலையும் மாலையும் நனைப்பது என் வேலை. கண்ணாடி ஊசியைக் கொதிக்கவைப்பதும், பிறகு போடக் கற்றுக்கொண்டதும் என் வேலை. பிள்ளைகளின் மூத்திரத்தைக் காய்ச்சுவதும் நான்தான். சோதனைக் குழாயில் நீலத் தண்ணீர் ஒரு சின்னக் கரண்டி, அதில் பிள்ளையின் மூத்திரம் எட்டுச் சொட்டு. எட்டுதான், ஒன்பது கூடாது. கொதிக்கிற தண்ணீரில் ஐந்து நிமிஷம் வைத்தால் நீலமாகவே இருப்பது நல்ல பிள்ளை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிக்கொண்டே போய், கடைசியில் செங்கல் நிறம் வந்தால் ஊசி மருந்து கூடும்.

பிள்ளைகள் இதைப் போட்டியாக்கிவிட்டார்கள். கீழவாசல் பக்கம் அத்தர் கடை வைத்திருந்த பாயின் மகன் ரஹீமுக்கு எப்போதும் செங்கல்தான். ஒரு நாள் வீட்டிலிருந்தே புட்டியில் கொண்டுவந்து, "இன்னிக்கு நீலம்தான், பாருங்க" என்று மார்தட்டினான். காய்ச்சினேன். அவன் இதுவரை காட்டாத அளவுக்குச் செங்கல் நிறம், அடியில் வண்டல் வேறு. பையனுக்கு முகம் செத்துவிட்டது. டாக்டர் இரண்டே 'பிறகு?' தான் சொன்னார்.

"அது எங்க அத்தாவோடது, சார். அவருக்கு நல்லா இருக்கும்னு நெனச்சேன்."

அத்தா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தேங்காய் பர்பி தின்றுகொண்டிருந்தார். அவரையும் உள்ளே கூப்பிட்டு அன்றைக்கே சீட்டு எழுதினோம். "யா அல்லா, நான் பையனைக் காட்ட வந்தவன்" என்று கடைசி வரை வாதாடினார்.

இதெல்லாம் சிரிப்புக் கதை. நரம்புக் கதைக்கு வருகிறேன்.

சர்க்கரை பல வருஷம் ஏறியே இருந்தால் நரம்பு கெட்டுப்போகும். பெரியவர்களுக்குக் கால் எரியும், குத்தும், பிறகு மரத்துப்போகும். பிள்ளைகளுக்கு அது அபூர்வம் என்றாலும் வரும் என்று டாக்டர் நம்பினார். பெரியவர்கள் வந்து சொல்வார்கள், பிள்ளைகள் சொல்லமாட்டார்கள் என்பது அவருடைய கவலை. அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதம் சோதிக்க வேண்டும். முள்கரண்டி போல இரண்டாகப் பிரிந்த ஒரு ரெட்டைக் கம்பி வைத்திருந்தார், டியூனிங் ஃபோர்க் என்று பெயர். அதைத் தன் முழங்காலில் தட்டினால் ரீங்காரம் போடும். காம்பை எலும்பின் மேல் வைத்தால் அதிர்வு தெரிய வேண்டும். காலையில் வந்ததும் செருப்பைக் கழற்றித் தன்னுடைய கட்டைவிரலில்தான் முதலில் வைத்துப் பார்ப்பார். "இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டுத்தான் கோட்டு மாட்டுவார்.

கம்பி அவருக்கு. பஞ்சு எனக்கு. பஞ்சு தெரியாத பிள்ளைக்குத்தான் அவர் கம்பியை எடுப்பார். பிள்ளையின் கண்ணைத் துண்டால் கட்டி, பாதத்தின் மேல்பக்கம் பஞ்சு நுனியால் தொட வேண்டும். தெரிந்தால் பிள்ளை "இப்ப" என்று சொல்ல வேண்டும். அப்பா அம்மாவை வெளியே அனுப்பிவிட வேண்டும். இல்லையென்றால் பிள்ளைக்குப் பதிலாக அவர்கள் "தெரியுது, தெரியுது" என்பார்கள். டாக்டர் ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொன்னார்: "மனம் போன போக்கில் தொடு. ஒரு தடவை சீக்கிரம், ஒரு தடவை நேரம் கழித்து. சில தடவை தொடாமலே இரு."

கேட்டுக்கொண்டேன். ஒரு மாதம் அப்படித்தான் செய்தேன். பிறகு கை தன் பழக்கத்துக்குப் போய்விட்டது.

ருக்கு செல்லூர்ப் பிள்ளை. ஏழு வயதில் சர்க்கரை வந்தது. தினமும் காலையில் பெருமாள் அவளைக் கூட்டிவந்து ஒரு ஊசி போட்டுக்கொண்டு போவார். இரண்டு ஊசி வேண்டும் என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். சாயந்திரமும் ஆற்றைத் தாண்டி வந்தால் தறி யார் ஓட்டுவது என்று பெருமாளும் சொல்லிக்கொண்டே இருந்தார். வீட்டில் இரண்டு குழித்தறி. பெரியதில் அவர் சேலை நெய்வார். சின்னதில் ருக்கு துண்டு நெய்வாள். குழிக்குள் கால் எட்டாது என்று, மிதிக்கட்டை மேல் மூங்கில் பட்டை அடித்து உயர்த்திக் கொடுத்திருந்தார். பொங்கலுக்கு ஒன்று, சித்திரைத் திருவிழாவுக்கு ஒன்று, ஆடிக்கு ஒன்று என்று மகள் நெய்த துண்டை டாக்டருக்குக் கொண்டுவந்து கொடுப்பார். கொடுக்கும்போதே குறையும் சொல்லுவார்.

"முன்ன மாதிரி இல்ல சார் இவ. மிதி தப்புது. கவனம் பூராம் எங்கயோ. சோம்பேறியாயிட்டா."

"நான் சரியாத்தான் மிதிக்கிறேன். தறிதான் தப்பா ஓடுது" என்பாள் ருக்கு.

அவள் பாதத்தை வாரம் தவறாமல் சோதித்தேன். ஒரு தடவைகூடத் தப்பமாட்டாள். "இப்ப. இப்ப. இப்ப." மற்றப் பிள்ளைகள் சிரிக்கும், நெளியும், தூங்கும். இவள் மட்டும் மணி அடித்தமாதிரி. நோட்டில் 'நன்றாகத் தெரிகிறது' என்று நாலு மாதம் எழுதினேன். எனக்கு எழுத்து சுமார். அந்த வரியை மட்டும் எழுதி எழுதி முத்துப்போல வந்துவிட்டது.

அன்றைக்கும் அப்படித்தான் அவள் கண்ணைக் கட்டிவிட்டு ஆரம்பித்தேன். இடது பாதம், "இப்ப." வலது பாதம், "இப்ப." இடது, வலது. திடீரென்று எனக்குத் தும்மல் முட்டிக்கொண்டு வந்தது. பஞ்சை உயரத்தில் பிடித்துக்கொண்டு மூக்கை இறுக்கினேன்.

"இப்ப" என்றாள் ருக்கு.

நான் தொடவில்லை. தும்மல் அடங்கிவிட்டது. கை மேலேயே நின்றது.

"இப்ப. இப்ப. இப்ப."

காற்றில் பஞ்சைப் பிடித்தபடி நான் நிற்க, அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். இடது, வலது, இடது, வலது. அப்போதுதான் அது என்ன தாளம் என்று எனக்கு உறைத்தது. மிதி, நாடா, அடி. மறுமிதி, நாடா, அடி. கால் மிதிக்க, நூல் நாடா குறுக்கே ஓட, பலகை அடிக்கும் தறித் தாளம். மூன்று வருஷம் செல்லூரில் தறி ஓட்டிய கை, பஞ்சைக் கொடுத்தால் பஞ்சாலும் தறிதான் ஓட்டியிருக்கிறது. அந்தப் பிள்ளை தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து கேட்ட தாளம் அது. அதற்கு அவளுக்குப் பாதமே தேவையில்லை.

திரும்பினேன். டாக்டர் பின்னால் நின்றிருந்தார்.

"பிறகு?" என்றார்.

ஒரே தடவையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் ரெட்டைக் கம்பியைத் தட்டி, அவள் மணிக்கட்டில் வைத்தார். "ஆடுது" என்று சிரித்தாள். முழங்காலில் ஆடியது. முழங்காலுக்குக் கீழே, "லேசா." கணுக்காலில் வைத்தார்.

"வைங்க சார்" என்றாள். அவர் வைத்துத்தான் இருந்தார்.

அவள் பாதத்தைத் தூக்கித் திருப்பினார். வலது கட்டைவிரலுக்குக் கீழே ஒரு புண். அதன் நடுவே நகம் நீளத்துக்கு ஒரு மூங்கில் சிராய், சுற்றிலும் நூல் பிசிறு ஒட்டிச் சிவந்து வீங்கியிருந்தது. எத்தனை நாளாக இருக்கிறதோ. அந்தக் காலோடுதான் அன்று காலையிலும் செல்லூரிலிருந்து நடந்து வந்திருந்தாள்.

கண்கட்டை அவிழ்த்ததும், எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, "நான் தப்பாச் சொல்லிட்டனா?" என்றாள்.

"கால் எப்படி இருக்கும்மா?" என்றார் டாக்டர்.

"எப்பவும் மாதிரிதான். பஞ்சு மேல நிக்கிற மாதிரி. எல்லாருக்கும் அப்படித்தான சார்?"

டாக்டர் என் கையில் இருந்த துண்டை வாங்கி மேஜையில் விரித்தார். பீரோவிலிருந்து இன்னும் இரண்டு துண்டுகளை எடுத்து வரிசையாகப் போட்டார். பொங்கல், சித்திரை, ஆடி. "நீ தறிக்காரன்தானே, படி" என்றார்.

படித்தேன். மிதி மாறாமல் போனால் பாவு நூல் பிரிந்து திறக்கிற ஒரே வாயில் இரண்டு இழை சேர்ந்து விழுந்து, துண்டில் தடித்த கோடாகத் தெரியும். பொங்கல் துண்டில் ஒன்றே ஒன்று. சித்திரைத் துண்டில் ஏழு. ஆடித் துண்டில் எண்ணி மாளவில்லை. எந்தக் கட்டையை மிதிக்கிறோம் என்று அந்தக் கால்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியாமல் போனதை அவள் மாதவாரியாக நெய்து வைத்திருந்தாள். அந்த ஆடித் துண்டால்தான் வாராவாரம் அவள் கண்ணைக் கட்டினேன்.

"உன் ரிப்போர்ட்டைவிட இது ஒழுங்கு" என்றார் டாக்டர். அவர் திட்டி நான் கேட்டது அது ஒன்றுதான்.

சிராயை எடுத்து, கழுவி, மருந்து வைத்துக் கட்டினார். பெருமாளை உள்ளே கூப்பிட்டார். மூன்று வாரம் அந்தக் கால் தரையில் படக் கூடாது, மிதிக்கட்டையிலும் படக் கூடாது. காலை, மாலை இரண்டு ஊசி. தினமும் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நரம்பு தூங்குகிறதா, செத்துவிட்டதா என்று சர்க்கரையை அடக்கினால்தான் தெரியும். புண் உள்ளே இறங்கினால் விரல் போகும், அதற்கு மேலும் போகும். பிள்ளையை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள் என்றார்.

பெருமாள் அவ்வளவையும் கேட்டார். "விட்டுட்டுப் போனா சின்னத் தறி நின்னுரும் சார். யுத்தத்துல நூல் கிடைக்கிறதே குதிரைக்கொம்பா இருக்கு. ஒரு தறி நின்னா நூல் குடுக்கிறவரு தறியில இருக்கிற பாவு நூலை அறுத்துக்கிட்டு போயிருவாரு. ரெண்டு தறியும் போயிரும். எனக்கு மட்டும் ஆசையா? ஒத்தைக் காலால மிதிக்கட்டும், நான் பாத்துக்கிறேன்."

"ஒத்தைக் காலால தறி ஓட்ட முடியுமா?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

"முடியாது சார். ரெண்டு நாள்ல அடுத்த காலும் தானா வந்துரும்."

பெருமாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "வாரோம் சார். கோவிச்சுக்காதீங்க." கட்டுப் போட்ட காலை ஊன்றி ருக்கு ஒரு எட்டு வைத்தாள். வலிக்காத கால் ஆகையால் நன்றாகவே ஊன்றினாள். அவள் நொண்டியிருந்தால்கூட நான் பேசாமல் இருந்திருப்பேன்.

"சார், நான் போறேன்" என்றேன்.

"எங்கே?"

"செல்லூருக்கு. பெருமாளண்ணன் வீட்டுத் தறி ஓட்ட. ஊசியும் போடுவேன். காய்ச்சவும் தெரியும்."

"பிறகு?"

"அம்புட்டுதான் சார்."

அவர் மணல் பானையைத் திறந்தார். பிறகு ஊசிப் பெட்டி, இரண்டு புட்டி மருந்து, நீலத் தண்ணீர், சோதனைக் குழாய், எல்லாவற்றையும் தானே ஒரு பையில் அடுக்கினார். மூன்று துண்டையும் மடித்துத் தன் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, "வாரம் ஒரு தடவை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா. நடத்திக் கூட்டி வந்தால் உள்ளே விடமாட்டேன்" என்றார்.

வாசலில் பெருமாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, தறி ஓட்டி எம்புட்டு நாளாச்சு?"

"நாலு வருசம்ணே."

"துண்டை நெனச்சாப் பயமா இருக்கு" என்றார். ஆனாலும் என் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டார்.

அப்படித்தான் அந்த மத்தியான மணலில் நாங்கள் போனோம். அந்தச் சூட்டில் செருப்பில்லாமல் நான் குதித்துக் குதித்து நடந்ததைத்தான் அவள் குறை சொன்னாள்.

மறுநாள் காலையில் ருக்குவின் அம்மா ஒரு சட்டியை எடுத்து வந்து தூர நின்றே நீட்டினாள். "இதுல காய்ச்சிக்கங்க. ஆனா இந்தச் சட்டி மறுபடி அடுக்களைப் பக்கம் வந்துச்சுன்னா, நான் என் பொறந்த வீட்டுக்குப் போயிருவேன்." காய்ச்சினேன். செங்கல் நிறம். ஊசி போட்டேன். ருக்குவைக் கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்து, தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துவிட்டு, சின்னத் தறியின் குழிக்குள் இறங்கினேன். வலது காலை மிதிக்கட்டையில் வைத்து அழுத்தினேன்.

"யம்மா!" என்று கத்திக்கொண்டு காலைத் தூக்கிவிட்டேன்.

"என்ன தம்பி, தேளா?" என்று பெருமாள் பெரிய தறியை நிறுத்தினார்.

"இல்லண்ணே. சிராய்."

அவர் குனிந்து பார்த்தார். அவர் கையால் அடித்த மூங்கில் பட்டை. ஓரம் பூராவும் பிளந்து, பல் பல்லாக நின்றது. கறுத்துக் காய்ந்த ரத்தமும் இருந்தது. சுத்தியலை எடுத்து வந்து, பட்டையை நெம்பிப் பெயர்த்தார்.

ருக்கு கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தாள். "சித்தப்பு, குத்துச்சா? எப்படி இருந்துச்சு?"

"சுரீர்னு இருந்துச்சு. நான் தூக்கல. காலே தானா மேல வந்துருச்சு."

"தானாவா?"

"தானா."

தன் கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள். "நல்லா வேலை செய்யுது உங்க கால்" என்றாள்.

பெருமாள் வேறொரு பலகையை இழைத்தார். உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். அவர் கை காய்த்துப்போன கை, அதை நம்பவில்லை. பலகையைத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்து மேலும் கீழும் தேய்த்தார். மறுபடி இழைத்தார், மறுபடி கன்னத்தில் தேய்த்தார். நாலாவது தடவைதான் திருப்தி வந்து, மிதிக்கட்டையில் வைத்து அடித்தார்.

நான் உட்கார்ந்து மிதித்தேன். ஒரு சாண் நெய்வதற்குள் ஒன்பது தப்பு விழுந்தது. ஒவ்வொன்றையும் எண்ணிச் சத்தம்போட்டுச் சொன்னது ருக்குதான். திட்ட வாயெடுத்த பெருமாள், தலையணை மேல் இருந்த அவள் காலைப் பார்த்துவிட்டு, "ஓட்டுப்பா, ஓட்டு. கை பழகிரும்" என்று தன் தறிக்குத் திரும்பினார்.